வேனின் முன் சீட்டு

ஜனவரி 9

தம்பி மனைவிக்கு,

உன் மகள் கடுகு சுகமாக இருக்கிறாள். முகவாயில் போட்ட ஏழு தையலையும் பிரித்தாகிவிட்டது. வடு மட்டும் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

இனி போன் செய்யாதே. போன வாரம் நீ நாக்குக் குழறிப் பேசியதைக் கேட்டுவிட்டு, "அம்மாவுக்குப் பல்லு வலியா அத்தை?" என்றாள் உன் மகள். எட்டு வயதுப் பிள்ளையிடம் நான் எத்தனை பொய் சொல்வது? கடிதம் எழுது. கையால் எழுது. எழுத்து தள்ளாடினால் எனக்குத் தெரிந்துவிடும்.

என் தம்பி போய் நாலு வருடம் ஆகிறது. அவன் பிள்ளையை உன்னிடமிருந்து பிரிக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் குடித்துவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியவளிடம் எப்படி விட்டுவைக்க முடியும்? குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடி உட்கார்ந்து பேசும் கூட்டங்கள் உண்டு என்று எங்கள் பிஸ்கட் தொழிற்சாலை நர்ஸ் சொன்னாள். உன் ஊரிலும் இருக்கும். தேடிப் போ. இவள் பள்ளிக்கு ஜூனில்தான் விடுமுறை. அதுவரை ஒரு சொட்டும் தொடாமல், கூட்டத்துக்கும் தவறாமல் போனால் கடுகை நானே கூட்டிவருகிறேன். அதுவரை நீ இங்கே வரக்கூடாது.

இங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஆறு மணிக்கெல்லாம் பேக்கிங் பிரிவில் நிற்க வேண்டும் என்பதால், என் வீட்டுக்காரர்தான் வேலைக்குப் போகிற வழியில் அவளைப் பள்ளியில் விடுகிறார். லிஃப்ட் பழுதுபார்க்கும் சாமான்களெல்லாம் வேனின் பின்பக்கம். இவள் முன் சீட்டில் மகாராணி மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நிஜமாகவே நலம்.

கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். முதலில் கிடைத்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அடுத்து ஒரு விலாசம் கிடைத்தது. போய்ப் பார்த்தால் அங்கே கூட்டம் நின்று ஒன்றரை வருடமாம், இப்போது கராத்தே வகுப்பு நடக்கிறது. மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேரலாம்மா, ஆனா இந்த வயசுல இடுப்பு மடங்குறது கஷ்டம்" என்றார். கடைசியில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்துபோகும் மனநல டாக்டரிடம், தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார்: டிரைவிங் ஸ்கூல் மாடி, செவ்வாய், வெள்ளி, மாலை ஆறு மணி.

வெள்ளிக்கிழமை போனேன். நல்ல கூட்டம். எல்லாரும் நல்லவர்கள். டீ கொடுத்தார்கள். மனம் லேசாகிவிட்டது. இனித் தவறாமல் போவேன்.

கடுகுக்கு முத்தம். உங்கள் வீட்டு அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 2

தம்பி மனைவிக்கு,

எல்லாரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நல்ல கூட்டம், நல்லவர்கள், டீ. சுற்றுலா போய்வந்த பிள்ளை எழுதிய கட்டுரை மாதிரி இருக்கிறது உன் கடிதம். கராத்தே மாஸ்டர் சொன்னது உனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. கூட்டத்தில் யாரோ ஒருவர் சொன்னதாக ஒரு வார்த்தைகூடக் காணோம். எத்தனை பேர் இருந்தார்கள்? பெண்கள் உண்டா? நீ என்ன பேசினாய்? போய்வந்ததற்கு யாரிடமாவது கையெழுத்து வாங்கி அனுப்பு.

பேக்கிங் பிரிவில் பதினாறு வருடமாக நிற்கிறேன். எடை குறைந்த பாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவேன்.

அக்கா


பிப்ரவரி 8

அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தை இந்தக் கடிதத்தைப் படித்தபின் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னது பொய். அந்த வெள்ளிக்கிழமை டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாடி ஏறியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் இறங்கிப் போகும்வரை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குடித்தேன். இரண்டு நாள் கழித்துக் கை நிதானப்பட்ட நேரத்தில் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

நேற்று முன்தினம்தான் படியேறினேன். சுவரெல்லாம் சாலைக் குறியீட்டுப் படங்கள், நடுவே வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்பது பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பஸ் கண்டக்டர் ஒருவர் எழுந்துவந்து மெதுவாகக் கேட்டார்: "வீட்டுக்காரரைத் தேடி வந்தீங்களாம்மா? இன்னும் யாரும் புதுசா வரலையே."

"இல்லைங்க. எனக்குத்தான்."

அந்த இரண்டு வார்த்தை வெளியே வருவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அவர் ஒரு நொடி தடுமாறினார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. ஃபேனுக்குக் கீழ மட்டும் உக்காராதீங்க, அது எப்ப விழும்னு எங்களுக்கே தெரியாது."

பல் டாக்டர் ஒருவர் பேசினார். "பதினோரு வருஷம் மாஸ்க்குக்குள்ளயே மறைச்சேன். ஒரு நாள் பேஷண்ட் கேட்டார், மரத்துப்போற ஊசி எனக்கா டாக்டர், உங்களுக்கான்னு." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகுதான் அழுகை வந்தது.

என் முறை வந்தபோது, 'அவர் செத்ததிலிருந்து குடிக்கிறேன்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எல்லாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், உங்களிடமும். அங்கே அது வரவில்லை. "அவர் நல்லா இருந்தப்பவே குடிச்சேன். அவர் போனது எனக்கு ஒரு காரணமாக் கிடைச்சுது" என்று சொல்லிவிட்டேன். உங்கள் தம்பிக்கு இது தெரியும் அக்கா.

அங்கே வருகைப் பதிவேடு கிடையாது. முழுப் பெயரைக்கூடக் கேட்பதில்லை. கையெழுத்து வாங்கி அனுப்ப வழியில்லை. ஆறாம் தேதியிலிருந்து குடிக்கவில்லை. இன்று மூன்றாவது நாள்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 10

தம்பி மனைவிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நாங்கள் நலம். நீ கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

தம்பிக்குத் தெரியும் என்று நீ எழுதிய வரியிலேயே பல நாள் நின்றுவிட்டேன். அவன் என்னிடம் மூச்சு விடவில்லை. வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். போகட்டும், நீ உண்மையை எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் கடுகு எழுதியதை இத்துடன் வைக்கிறேன். ஒட்டிக் கொடுத்தாள், நான் பிரித்துப் பார்க்கவில்லை.

இங்கே இவருக்குத்தான் அடிக்கடி வயிற்றுக் கோளாறு. போன மாதம் மூன்று நாள் லீவு போட்டார். போதாக்குறைக்கு, நிறுத்தி வைத்திருந்த வேனை யாரோ இடித்துப் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவது தடவை. வேலைப்பளு வேறு, யாரோடும் அதிகம் பேசுவதில்லை. மற்றபடி சுகம்.

அக்கா

(உள்ளே, கோடு போட்ட தாளில்)

அம்மா நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா. எனக்கு கணக்குல ஸ்டார் போட்டாங்க. மாமா வேன்ல எப்பவும் புதினா மிட்டாய் இருக்கும் எனக்கும் தருவாரு. ஒரு நாள் சிவப்பு விளக்குல மாமா தூங்கிட்டாரு. பச்சை வந்திச்சு பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. நான்தான் தட்டி எழுப்பினேன். அத்தைகிட்ட சொல்லாதேன்னு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லல.


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரின் நலத்துக்கும் வேண்டுகிறேன். குறிப்பாக அண்ணனின் நலத்துக்கு.

கடுகின் கடிதம் கிடைத்தது. கணக்கில் ஸ்டார் வாங்கினாளாமே. முப்பத்தேழு நாள் ஆகிவிட்டது எனக்கு. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் போகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கடுகைப் பள்ளி பஸ்ஸில் அனுப்ப முடியுமா? அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்கிறீர்களே, அவருக்கும் அலைச்சல் குறையும். அடுத்த வாரமே மாற்றினால் நல்லது. திங்கட்கிழமையே முடிந்தால் இன்னும் நல்லது.

உடனே ஒரு வரி போடுங்கள் அக்கா.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 27

தம்பி மனைவிக்கு,

சுகம்.

பள்ளி பஸ் எங்கள் தெருவுக்கு வராது. அவள் எதில் போக வேண்டும், எதில் வர வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நீ இப்போது இல்லை. பெற்ற மகளைப்போல என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். முப்பத்தேழு நாளில் உனக்கு இவ்வளவு அதிகாரம் வந்துவிட்டதா?

அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். பூசி மெழுகி எழுதிப் பார்த்தேன். பலிக்கவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார். காலையிலேயே குடிக்கிறார். சிவப்பு விளக்கில் தூங்கிப் போயிருக்கிறார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தும் எழவில்லை, கடுகு தட்டி எழுப்பியிருக்கிறாள். அவளைத் திட்டாதீர்கள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார்.

வயிற்றுக் கோளாறு என்று போன வருடம் நான் ஒன்பது தடவை லீவு எழுதிக் கொடுத்தேன். என் கைப்பையிலும் புதினா மிட்டாய்தான் இருந்தது. என் ஸ்கூட்டரையும் யாரோதான் இடித்துக்கொண்டே இருந்தார்கள். யாரோடும் பேசாமல் இருந்தேன், வாயைத் திறந்தால் வாசனை வரும் என்பதால். எடை குறைந்த பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் தெரியும் என்று எழுதினீர்கள். எனக்கு இது அப்படித் தெரிகிறது.

உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அதை நீங்கள் என்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டாம். என்னைக் கேவலமாக நினையுங்கள், ஜூன் விடுமுறைக்கு அனுப்பாமல் போங்கள், எதுவும் செய்யுங்கள். அந்த முன் சீட்டில் மட்டும் அவளை உட்கார வைக்காதீர்கள். ஸ்கூட்டரில் அவள் எப்படி விழுந்தாள் என்று பார்த்தவள் நான். முதலில் சத்தமே வரவில்லை அவளுக்கு.

பதினைந்து நாள் பொறுப்பேன். பதில் இல்லையென்றால் வருவேன்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் கடுகும் பத்திரமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வியாழக்கிழமை நான் வந்தேன். அண்ணன் உங்களிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. நடந்தது இதுதான்.

எட்டு மணிக்கே பள்ளி கேட் அருகில் நின்றுவிட்டேன். எட்டேகாலுக்கு வேன் வந்தது. நடைபாதை மேல் ஒரு சக்கரம் ஏறி இறங்கித்தான் நின்றது. கடுகு இறங்கினாள். என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, நீ வரக்கூடாதுல்ல?"

"ஆமாடா. மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசத்தான் வந்தேன். நீ போ, பெல் அடிச்சிடும்."

இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கையைப் பிடித்து ரயிலேற்றி என்னோடு கூட்டிப்போயிருக்கலாம் அக்கா. தடுக்க அங்கே யாரும் இல்லை. கை நீண்டுவிட்டது, மடக்கிக்கொண்டேன்.

அப்புறம் வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே புதினா வாசனை, அதற்கு அடியில் அந்த வாசனை. அண்ணன், "எப்பம்மா வந்தே? வீட்டுக்கு வரலையா?" என்றார். சிரித்த முகம். கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

"சாவியைக் குடுங்கண்ணா."

"எதுக்கு? எனக்கு வேலைக்கு நேரமாச்சு. எட்டு மாடிக் கட்டடம், லிஃப்ட் நின்னுபோச்சு."

"இந்த நிலைமையில லிஃப்ட் குழிக்குள்ள எறங்கப் போறீங்களா?"

"எந்த நிலைமையில? ராத்திரி சரியாத் தூங்கல, அவ்வளவுதான்."

"நானும் அப்படித்தான் சொல்வேன். அன்னிக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போதும் கடுகுகிட்ட அதைத்தான் சொன்னேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் புதினா மிட்டாயைத் தேடி எடுத்து வாயில் போட்டார். அதைப் பார்த்தேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து சீட்டில் வைத்துவிட்டு இறங்கி நடந்து போய்விட்டார். சாமான்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வேனைப் பூட்டிச் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னொரு சாவி இருக்கும். அதை எடுத்து மறைக்க நான் வர முடியாது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால் பழைய ஆளாகிவிடுவேன். ரயிலுக்கு நாலு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே கடை. கண்டக்டருக்குப் போன் அடித்தேன், பஸ்ஸில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்திருக்கலாம், பல் டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். ஒருவர் எடுக்காதது எனக்கு வசதியாகப் போய்விட்டது. குடித்தேன். அறுபத்தொன்பது நாள் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாடியேறி அங்கே சொன்னேன். பெயிண்டர் ஒருவர், "எனக்கு இருநூத்திப் பத்துல போச்சு" என்றார். யாரும் திட்டவில்லை.

இதைப் படித்ததும், மேலே நான் எழுதியதையெல்லாம் குடிகாரியின் உளறல் என்று நீங்கள் ஒதுக்கிவிடலாம். எட்டேகாலுக்கு நான் நிதானமாக இருந்தேன். மத்தியானம் இல்லை. இரண்டும் உண்மை.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 3

என் தங்கச்சிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்கிறேன். கடுகு சுகம். நான் பரவாயில்லை.

இரண்டு மாதத்துக்கு மேல் உனக்கு எழுதவில்லை. கோபம். முதலில் உன்மேல்தான். சாவியை மேஜைமேல் வைத்துக்கொண்டு, குடித்தவள் பேச்சை நான் எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் கடுகிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே அத்தை" என்றாள்.

மறுநாள் இன்னொரு சாவியை எடுத்துத் தொழிற்சாலையில் என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். சூப்பர்வைசரிடம் காலை ஷிப்ட் முடியாது என்று சொல்லி மாற்றிக்கொண்டேன். இப்போது நானே கடுகை நடத்திக் கூட்டிப்போகிறேன். இருபத்தைந்து நிமிட நடை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறாள்.

வீட்டில் நடந்ததைக் கேட்காதே. சாவிக்காக அலமாரியையெல்லாம் இறக்கிப் போட்டார். "அவ பேச்சைக் கேக்குறியா? அந்தக் குடிகாரி பேச்சையா?" என்று கத்தினார். "ஆமா. இந்த விஷயத்துல அவளுக்குத்தான் தெரியும்" என்றேன். அதற்கப்புறம் நாலு நாள் பேசவில்லை. வேலையிலிருந்து ஒரு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இங்கேயும் கூட்டம் நடக்கிறது. போகிறேன் என்று இரண்டு தடவை சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. காலையில் குடிப்பதை மட்டும் விட்டிருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

குடிப்பவர்களின் வீட்டார் தனியாகக் கூடுகிறார்கள் என்று எங்கள் நர்ஸ் சொன்னாள். புதன்கிழமை போனேன். தையல் வகுப்பு நடக்கும் அறை, மெஷின்களுக்கு நடுவே ஏழெட்டுப் பெண்கள், ஒரு பெரியவர். என்னைப் பேசச் சொன்னார்கள். தெரிந்தவர் ஒருவருக்காக வந்தேன் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அப்புறம், "எங்க வீட்டுக்காரர் குடிக்கிறார்" என்றேன். கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருடத்தில் ஒருவரிடமும் சொல்லாதது. சொன்னபோது ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என் பைக்கு இடம் விட்டார்.

நான் போட்ட நிபந்தனையை நீ நிறைவேற்றவில்லை. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனாலும் கடுகைக் கூட்டிவருகிறேன். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, நாலு பத்துக்கு ரயில் வருகிறது. பத்து நாள் நானும் அவளோடு தங்குவேன். உன்னை முழுசாக நம்பிவிட்டேன் என்று எழுத முடியவில்லை. இந்த வீட்டைவிட்டுப் பத்து நாள் தள்ளி இருக்க எனக்கும் வேண்டியிருக்கிறது.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஐம்பத்தேழாவது நாள். நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வந்து சேர வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். மற்றதை நேரில் பேசுவோம். அண்ணன் எப்போதாவது என்னோடு பேச வேண்டும் என்றால் பேசச் சொல்லுங்கள். என்னிடம் அவர் சிரித்த முகத்தோடு பேச வேண்டியதில்லை.

நாலு மணிக்கே பிளாட்பாரத்தில் நிற்பேன். கட்டிலை உங்கள் இருவருக்கும் ஒதுக்கியிருக்கிறேன். ஸ்கூட்டரை விற்றாகிவிட்டது, பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் எதையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் தேடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்ததும் ஐந்தரைக்கு நான் கிளம்பிவிடுவேன். ஐந்து மாதம் கழித்து வந்த பிள்ளையை விட்டுவிட்டுப் போவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கண்டக்டரிடம் கேட்டேன். அவர், "அது உங்க முடிவும்மா" என்று சொல்லிவிட்டார். போகத்தான் வேண்டும். அன்றைக்கு ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டால் அது ஒரு நாளோடு நிற்காது, என்னை எனக்குத் தெரியும்.

கடுகு அழுவாள். கோபித்துக்கொள்வாள். நீங்கள் சமாதானம் சொல்ல வேண்டாம். அம்மா எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன், ஏழரைக்குத் திரும்பி வந்துவிடுவேன் என்பதையெல்லாம் நானே அவளிடம் சொல்கிறேன்.

உங்கள் தங்கச்சி